கிக் பாக்ஸிங்: வம்புச் சண்டையா, வரம்புள்ள விளையாட்டா?

பையன் கிக் பாக்ஸிங் கற்றுக்கொள்ள வேண்டும் என்கிறான். அப்பா யோசிக்கிறார். அம்மா ஒரேயடியாக வேண்டாம் என்கிறார். "வட்டாரத்தில் ஏற்கெனவே அடிதடிக்குக் குறைவில்லை. இதில் மாதாமாதம் காசு கட்டி வேறு அடிக்கக் கற்றுக்கொள்ள வேண்டுமா?" என்பது அவருடைய கேள்வி. செந்தூல், பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் என்று நம்மவர்கள் நெருங்கி வாழும் எந்தப் பகுதியிலும் இந்தப் பேச்சு எழுவதுண்டு.

அந்தத் தாயின் பயத்தை அலட்சியப்படுத்த முடியாது. 2013ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் உள்துறை அமைச்சு 49 சட்டவிரோதக் கும்பல்களின் பெயர்களைப் பகிரங்கமாக வெளியிட்டது. அந்தக் கும்பல்களின் உறுப்பினர்களில் பெரும்பான்மையோர் இந்தியர்கள் என்று அப்போது தெரிவிக்கப்பட்டதை நம் சமுதாயம் மறந்துவிடவில்லை. கைகலப்பு என்றாலே பெற்றவர்களுக்கு வயிற்றில் புளியைக் கரைப்பது இதனால்தான்.

ஆகவே, இந்த விளையாட்டு எங்கே பிறந்தது, எப்படி உலகம் முழுவதும் பரவியது, தெருச் சண்டைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்பதை நிதானமாகத் தெரிந்துகொள்வது நல்லது.

பெயர் வைத்தது ஜப்பான்

கிக் பாக்ஸிங் என்றவுடன் பலருக்கு நினைவுக்கு வருவது தாய்லாந்து. நம்மில் சிலர் இன்னும் ஒரு படி மேலே போய், எல்லாத் தற்காப்புக் கலைகளும் காஞ்சியிலிருந்து சீனா சென்ற போதிதர்மரிடமிருந்தே வந்தவை என்பார்கள். பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் கிக் பாக்ஸிங்கின் பிறப்புக்கு நாள், இடம், ஆள் என எல்லாவற்றுக்கும் பதிவு இருக்கிறது. அது பிறந்தது ஜப்பானில். வயது இன்னும் எழுபதைக்கூடத் தாண்டவில்லை.

தாய்லாந்தின் முவாய் தாய் இதைவிட மிகப் பழமையானது. இரண்டு கைமுட்டி, இரண்டு முழங்கை, இரண்டு முழங்கால், இரண்டு கால் என எட்டு உறுப்புகளால் ஆடும் ஆட்டம் அது. கையில் கயிறு சுற்றிக்கொண்டு மோதிய அந்தக் கலை, 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மேற்கத்திய குத்துச்சண்டையின் செல்வாக்கால் மாறியது. கையுறை வந்தது. எடைப் பிரிவு வந்தது. சுற்றுகளுக்கு நேரக் கணக்கு வந்தது. 1945இல் பாங்காக்கில் ராஜதம்னர்ன் அரங்கமும், 1956இல் லும்பினி அரங்கமும் திறக்கப்பட்டன.

அதே காலத்தில் ஜப்பானில் தட்சுவோ யமாடா என்ற கராத்தே ஆசிரியருக்கு ஒரு மனக்குறை இருந்தது. அன்றைய கராத்தே போட்டிகளில் அடி எதிராளியின் மேல் படுவதற்கு முன்பே நிறுத்திவிட வேண்டும். உண்மையில் பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாருக்கும் தெரியாது. முழுமையாக அடித்து ஆடும் ஒரு புதிய போட்டியை அமைக்க வேண்டும் என்று 1959இல் அவர் யோசனை முன்வைத்தார். அந்த ஆண்டு டிசம்பரில் தாய்லாந்து வீரர்களின் ஆட்டமும் தோக்கியோவில் நடந்தது. குத்துச்சண்டைப் போட்டிகளை நடத்திவந்த ஒசாமு நொகுச்சி என்பவர் அந்த யோசனையைக் கையில் எடுத்து, அதற்குச் சூட்டிய பெயர்தான் கிக் பாக்ஸிங்.

பாங்காக் போன மூவர்

1960களின் தொடக்கத்தில் மசுதாட்சு ஒயாமாவின் கராத்தே பள்ளியைச் சேர்ந்த மூன்று பேர் பாங்காக் சென்று, லும்பினி அரங்கில் முவாய் தாய் வீரர்களுடன் மோதினார்கள். மூவரில் இருவர் வென்றார்கள். மூன்றாமவரான கென்ஜி குரோசாகி முழங்கை அடியில் சாய்ந்தார்.

ஜப்பான் இரண்டுக்கு ஒன்று என வென்றதாகச் செய்தி முடிந்திருக்கலாம். ஆனால் இந்த விளையாட்டின் சரித்திரத்தில் வென்ற இருவரைவிடத் தோற்ற குரோசாகிதான் பெரிய பங்கு வகித்தார். தன்னைச் சாய்த்த கலையில் என்ன இருக்கிறது என்று ஆராய்ந்தார். 1969இல் மெஜிரோ என்ற பயிற்சிக்கூடத்தைத் தோக்கியோவில் தொடங்கினார். அவருடைய சீடர் தொஷியோ புஜிவாரா 1978இல் ராஜதம்னர்ன் அரங்கின் பட்டத்தை வென்றார். தாய்லாந்துக்காரர் அல்லாத ஒருவர் அந்தப் பட்டத்தைப் பெற்றது அதுவே முதல் முறை.

பதினாறு முறை விழுந்தவர்

1966ஆம் ஆண்டு நொகுச்சி, கிக் பாக்ஸிங் சங்கத்தை அமைத்தார். ஏப்ரல் மாதம் ஒசாகா நகரில் முதல் போட்டி நடந்தது. கராத்தே பின்னணியில் வந்த தடாஷி சவமுரா அதில் வென்று பெயர் வாங்கினார்.

அடுத்து நடந்ததுதான் பாடம். சில வாரங்களில் தோக்கியோவில் சமர்ன் என்ற தாய்லாந்து வீரருடன் சவமுரா மோதினார். அந்த ஒரே ஆட்டத்தில் பதினாறு முறை தரையில் விழுந்து தோற்றார். வேறொருவராக இருந்தால் அதோடு ஒதுங்கியிருப்பார். சவமுரா பயிற்சியை மாற்றிக்கொண்டு திரும்பி வந்தார். தொலைக்காட்சியில் அவருடைய ஆட்டங்களைக் காண ஜப்பானிய குடும்பங்கள் காத்திருந்தன. அவரைக் கதாநாயகனாக வைத்து 1970இல் கார்ட்டூன் தொடரே வந்தது. ஒரு புதிய விளையாட்டை வீட்டு வரவேற்பறைக்குள் கொண்டுவந்தது, பதினாறு முறை விழுந்து எழுந்த அந்த மனிதர்தான்.

அமெரிக்காவில் இன்னொரு பிறப்பு

அமெரிக்காவிலும் கராத்தே வீரர்களுக்கு யமாடாவின் அதே மனக்குறை இருந்தது. 1974 செப்டம்பரில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் முழுத்தொடர்பு கராத்தேயின் உலகப் போட்டி நடந்தது. ஜோ லூயிஸ், ஜெஃப் ஸ்மித், பில் வாலஸ், மெக்சிகோவின் இசையாஸ் துவென்யாஸ் ஆகிய நால்வர் பட்டம் வென்றனர். இவர்களில் பில் வாலஸின் கதை சுவையானது. ஜூடோ பயிற்சியில் வலது முழங்கால் பாதிக்கப்பட்டதால், அவர் இடது காலை மட்டுமே நம்பி உதைத்தார். எதிராளிக்கு எந்தக் கால் வரும் என்பது தெரியும். இருந்தும் தடுக்க முடியவில்லை. 1980இல் தோல்வி காணாமலேயே ஓய்வு பெற்றார்.

அமெரிக்க விதிப்படி இடுப்புக்கு மேலேதான் உதைக்க வேண்டும். இதில் ஒரு சிக்கல் வந்தது. காலைத் தூக்கி உதைப்பது சிரமம், கையால் குத்துவது எளிது. வீரர்கள் உதைப்பதையே மறந்து, சாதாரண குத்துச்சண்டை போடத் தொடங்கினார்கள். அதனால் ஒவ்வொரு சுற்றிலும் குறைந்தது எட்டு முறை உதைத்தாக வேண்டும் என்று ஒரு விதியே கொண்டுவரப்பட்டது. உதைகளை எண்ணுவதற்கென்று தனி ஆட்கள் ரிங் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்கள்! பின்னர் 1976இல் தோன்றிய மற்றோர் அமைப்பு, தொடையில் உதைக்கவும் அனுமதித்தது. பென்னி உர்கிடெஸ் போன்றோர் ஜப்பானுக்கே சென்று ஆடி, இரண்டு நாட்டுப் பாணிகளுக்கும் பாலம் போட்டனர்.

ஆம்ஸ்டர்டாம் வந்த வழி

இன்று கிக் பாக்ஸிங்கில் உலகமே மதிக்கும் நாடுகளில் ஒன்று நெதர்லாந்து. அந்தச் சின்ன நாட்டுக்கு இது எப்படிப் போனது? மறுபடியும் குரோசாகிதான் காரணம். யான் பிளாஸ் என்ற டச்சுக்காரர் ஜப்பானில் குரோசாகியிடம் கற்று, 1978இல் ஆம்ஸ்டர்டாமில் அதே மெஜிரோ பெயரில் பயிற்சிக்கூடம் திறந்தார். கையால் இரண்டு மூன்று குத்துகளை அடுக்கி, எதிராளியின் கவனம் மேலே இருக்கும்போது தொடையில் ஓங்கி உதைப்பது டச்சுப் பாணியின் அடையாளம். ராப் காமன், எர்னெஸ்டோ ஹூஸ்ட், பீட்டர் ஆர்ட்ஸ் என்று நெதர்லாந்து வரிசையாகச் சாதனையாளர்களை உருவாக்கியது. பாங்காக்கில் ஒருவர் வாங்கிய ஒரு முழங்கை அடியின் பலன் ஐரோப்பா வரை சென்று சேர்ந்தது என்றால் அது மிகையாகாது.

1993 ஏப்ரலில் கசுயோஷி இஷி தோக்கியோவில் கே-1 போட்டியைத் தொடங்கினார். எட்டு வீரர்கள், ஒரே இரவு. பட்டம் வேண்டுமென்றால் அடுத்தடுத்து மூன்று பேரை வெல்ல வேண்டும். முதல் பட்டத்தை வென்றவர் குரோவேஷியாவின் 38 வயது பிராங்கோ சிகாடிச். பின்னர் ஹூஸ்ட் நான்கு முறையும் ஆர்ட்ஸ் மூன்று முறையும் பட்டம் வென்றனர். 2010ஆம் ஆண்டையொட்டி கே-1 பண நெருக்கடியில் சிக்க, 2012இல் குளோரி என்ற அமைப்பு எழுந்தது. சிங்கப்பூரில் 2011இல் தொடங்கிய ஒன் சாம்பியன்ஷிப், 2018 முதல் கிக் பாக்ஸிங், முவாய் தாய் ஆட்டங்களையும் தன் மேடையில் சேர்த்துக்கொண்டது.

ஒலிம்பிக் வாசலில்

தொழில்முறை ஆட்டம் ஒருபுறம் இருக்க, அமெச்சூர் விளையாட்டை வளர்த்தது வாகோ என்ற உலக அமைப்பு. 1976இல் தோன்றிய இது 1978இல் பெர்லினில் உலகப் போட்டியை நடத்தியது. 2018 நவம்பரில் அனைத்துலக ஒலிம்பிக் மன்றம் இதற்குத் தற்காலிக அங்கீகாரம் தந்தது. 2021 ஜூலையில் தோக்கியோவில் கூடிய மன்றத்தின் பேரவை முழு அங்கீகாரம் அளித்தது. முவாய் தாய் அமைப்புக்கும் அதே நாளில் அங்கீகாரம் கிடைத்தது. ஆனால் அங்கீகாரம் என்பது வேறு, ஒலிம்பிக்கில் இடம் என்பது வேறு. 2028 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக் பட்டியலிலும் கிக் பாக்ஸிங் இல்லை.

நம் வட்டாரத்தில், 2019இல் பிலிப்பைன்ஸில் நடந்த சீ விளையாட்டுப் போட்டியில் கிக் பாக்ஸிங் சேர்க்கப்பட்டது. தென்கிழக்காசியாவில் இந்தக் குடும்பத்துக்குப் பல கிளைகள் உண்டு. தாய்லாந்தில் முவாய் தாய், கம்போடியாவில் குன் கெமர், மியன்மாரில் லெத்வெய், நம் கிளந்தான், கெடாவில் தோமோய். யாருடையது மூத்தது என்பதில் பெயருக்கே சண்டை நடக்கும். 2023இல் கம்போடியா சீ விளையாட்டை ஏற்று நடத்தியபோது, முவாய் என்பதற்குப் பதில் குன் கெமர் என்று பெயரிட்டதால் தாய்லாந்து அந்தப் பிரிவையே புறக்கணித்தது.

ஒரே பெயர், பல விதிகள்

பெற்றோர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது. கிக் பாக்ஸிங் என்ற ஒரே பெயருக்குள் பல ஆட்டங்கள் உள்ளன.

வாகோ விதிகளில் மெத்தை விரித்து ஆடும் பிரிவுகளும் ரிங்கில் ஆடும் பிரிவுகளும் தனித்தனி. மெத்தைப் பிரிவில் புள்ளிச் சண்டை உண்டு. ஓர் அடி முறையாகப் பட்டால் நடுவர் நிறுத்திப் புள்ளி தருவார். பலமாக அடிப்பது அங்கே தவறு. சிறுவர்கள் தொடங்க வேண்டிய இடம் இதுதான். ரிங் பிரிவில் முழுத்தொடர்பு ஆட்டத்தில் இடுப்புக்கு மேல் மட்டும் உதைக்கலாம். தாழ் உதைப் பிரிவில் தொடையிலும் உதைக்கலாம். கே-1 பிரிவில் முழங்காலுக்கும் அனுமதி உண்டு. முழங்கையால் அடிப்பது இவை எதிலும் கிடையாது. அதற்கு முவாய் தாய் போக வேண்டும்.

இவை போக, பையில் குத்தி, உதைத்து, வியர்வை சிந்தி உடம்பைக் குறைக்கும் உடற்பயிற்சி வகுப்புகளும் கிக் பாக்ஸிங் என்ற பெயரிலேயே நடக்கின்றன. அங்கே யாரும் யாரையும் அடிப்பதில்லை. பெண்கள் பலர் விரும்பிச் சேர்வது இந்த வகுப்புகளில்தான்.

செந்தூலிலிருந்து ஒருவர்

ரயில் பட்டறையைச் சுற்றி வளர்ந்த ஊர் செந்தூல். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைந்த அந்தப் பட்டறையில் தமிழர்கள் திரளாக வேலை பார்த்தார்கள். அந்த ஊரில் வளர்ந்தவர் 1995இல் பிறந்த அகிலன் தாணி. பள்ளிப் பருவத்தில் உடல் பருமனால் அவதிப்பட்டவர். எடையைக் குறைக்கத்தான் பயிற்சிக்கூடத்துக்குப் போனார்.

அகிலன் ஆடுவது கலப்புத் தற்காப்புக் கலை எனப்படும் எம்.எம்.ஏ. நின்று ஆடும்போது கிக் பாக்ஸிங், கட்டிப் புரளும்போது மல்யுத்தம், ஜூஜிட்சு என எல்லாம் கலந்த ஆட்டம். 2017 மே மாதம் 26ஆம் தேதி, 21ஆவது வயதில், சிங்கப்பூர் உள்ளரங்கில் ஒன் சாம்பியன்ஷிப்பின் உலகப் பட்டத்துக்கு அவர் மோதினார். எதிரே நின்றவர் 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் மல்யுத்தம் ஆடிய அமெரிக்கர் பென் ஆஸ்க்ரென். முதல் சுற்றிலேயே அகிலன் பிடியில் சிக்கித் தோற்றார். தொழில்முறையில் அவருக்கு அதுவே முதல் தோல்வி.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 2019 ஜூன் மாதம் ஷாங்காயில் யொஷிஹிரோ அகியாமாவை அவர் சந்தித்தார். அகியாமா 2002 ஆசிய விளையாட்டில் ஜூடோ தங்கம் வென்றவர். ஆசியா முழுவதும் புகழ் பெற்றவர். மூன்று சுற்று முடிவில் நடுவர்கள் அனைவரும் அகிலனுக்கே வெற்றியை அளித்தார்கள்.

இங்கே யோசிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. தெருவில் ஒருவன் தோற்றால் என்ன நடக்கும்? ஆள் சேர்த்துக்கொண்டு மறுநாள் வருவான். பழிக்குப் பழி என்று அது அண்ணன், தம்பி, நண்பன் என்று நீளும். முடிவு மருத்துவமனையிலோ லாக்கப்பிலோதான். ரிங்கில் தோற்றவன் எதிராளியின் கையைக் குலுக்கிவிட்டு, மறுநாள் காலை பயிற்சிக்குப் போகிறான். குரோசாகி போனார், சவமுரா போனார், செந்தூல் அகிலனும் போனார். தோல்வியைத் தாங்கக் கற்றுக்கொடுப்பதால்தான் இது விளையாட்டு. சமமான எடை, நடுவர், மணி, மருத்துவர் என்ற நான்கும் தெருச் சண்டையில் இல்லாதவை.

ஆபத்து இல்லையா?

இருக்கிறது. மறைப்பதில் பயனில்லை. தலையில் தொடர்ந்து அடி வாங்குவது மூளைக்குக் கேடு. நாக் அவுட் ஆனவரைக் குறிப்பிட்ட காலத்துக்குப் போட்டியில் ஆடவிடக் கூடாது என்ற விதி இருப்பதே அதனால்தான். பயிற்சிக்கூடத்தில் தினமும் முழு வேகத்தில் மோதவிடும் பயிற்சியாளரிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

இன்னோர் ஆபத்து எடை குறைப்பு. குறைந்த எடைப் பிரிவில் ஆடுவதற்காகச் சில வீரர்கள் தண்ணீர் குடிக்காமல், வியர்வையை வெளியேற்றி, ஓரிரு நாளில் பல கிலோ இறக்குவார்கள். 2015 டிசம்பரில் மணிலாவில் ஒன் சாம்பியன்ஷிப் ஆட்டத்துக்கு முன் இப்படி எடை குறைத்த சீன வீரர் யாங் ஜியான் பிங் உயிரிழந்தார். அவருக்கு வயது 21. அதன் பிறகே உடலில் நீர் வற்றச் செய்து எடை குறைப்பதை அந்த அமைப்பு தடை செய்தது. ரிங்குக்கு உள்ளே இருக்கும் விதி போதாது, வெளியிலும் வேண்டும் என்பதை ஓர் இளைஞரின் சாவுதான் கற்பித்தது. போட்டிக்காகப் பிள்ளை பட்டினி கிடந்தாலோ தண்ணீரைத் தவிர்த்தாலோ பெற்றோர் உடனே தலையிட வேண்டும்.

சேர்ப்பதற்கு முன்

நம் பிள்ளைகளுக்குத் தற்காப்புக் கலை புதிதல்ல. சிலம்பம் இருக்கிறது. கராத்தேயில் சி. ஷாமளாராணி, ஆர். சர்மேந்திரன் போன்றோர் நாட்டுக்குப் பதக்கம் வாங்கித் தந்திருக்கிறார்கள். அவர்களை உருவாக்கியது ஒழுங்கான பயிற்சியும் முறையான சங்கமும்தான். கிக் பாக்ஸிங்கிலும் அதையே பார்க்க வேண்டும்.

பயிற்சிக்கூடத்துக்கு நேரில் சென்று சில கேள்விகளைக் கேட்கலாம். எந்த விதிப்படி சொல்லித் தருகிறார்கள்? அவர்கள் சார்ந்த சங்கம், 1997ஆம் ஆண்டு விளையாட்டு மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் விளையாட்டு ஆணையர் அலுவலகத்தில் பதிவு பெற்றதா? பயிற்சியாளர் யாரிடம் கற்றவர்? தலைக்காப்பு, பல்காப்பு, கால்காப்பு கட்டாயமா? முதல் நேரடி மோதலுக்கு முன் எத்தனை மாதம் அடிப்படைப் பயிற்சி? அடிபட்டால் என்ன ஏற்பாடு? நல்ல பயிற்சியாளர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். பதில் சொல்லாமல் மழுப்பினால், வேறு இடம் பார்ப்பதே மேல்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்றைக் கவனியுங்கள். கற்ற வித்தையைத் தெருவில் காட்டிய மாணவனைப் பயிற்சியாளர் என்ன செய்கிறார்? அவனை வகுப்பைவிட்டு நிறுத்துகிற இடத்தில் பிள்ளையை நம்பிச் சேர்க்கலாம். அவன் முதுகில் தட்டிக்கொடுக்கிற இடத்தில், எத்தனை கோப்பைகள் அடுக்கியிருந்தாலும், விளையாட்டு இல்லை.